புத்தம்புது விமானத்தைப் பழசாக்குவது எப்படி? திருமலைக்காரருக்கு ஒரு கையேடு

திருகோணமலையில் இருந்துகொண்டு ஒரு பொருளைப் பழசாக்கும் வழிமுறை எழுதுவது, உப்பளத்துக்காரனிடம் உப்பு விற்கப் போவது மாதிரி. இங்கே எதையும் பழசாக்க நீங்கள் கையைக் காலை அசைக்க வேண்டியதில்லை. சைக்கிளை ஒரு மாரிக்கு முற்றத்தில் விடுங்கள், சங்கிலி தானாகச் சிவக்கும். வருடப்பிறப்புக்கு அடித்த கேற் பெயின்ற் கார்த்திகை விளக்கீட்டுக்கு முன்னரே பொருக்கு வெடிக்கும். மின்விசிறிக் கூடு, யன்னல் பிணைச்சல், காஸ் சிலிண்டரின் கழுத்து, கோயில் திருவிழாவுக்கு வாங்கி வைத்த பெற்றோமக்ஸ் என்று உப்புக்காற்று எதையும் ஒதுக்கி வைப்பதில்லை. சம்பளமும் கேட்பதில்லை.

அந்தக் காற்றுக்கும் அசையாத பொருள் ஒன்று என் வீட்டில் இருக்கிறது: பிளாஸ்ரிக் மாதிரி விமானம். பெட்டியில் துண்டு துண்டாக வரும். வெட்டி, ஒட்டி, பெயின்ற் அடித்து, இலச்சினைகளை நீரில் ஊறவைத்து ஒட்டினால் கடையில் வாங்கிய விளையாட்டுச் சாமான் போல மினுங்கும். உண்மையான போர்விமானம் எதுவும் அப்படி மினுங்கியதில்லை. ஆகவே இந்தக் கலையில் இறங்கியவர்கள் முதல் பத்து நாள் விமானத்தைப் புதிதாக்குவார்கள். அடுத்த இருபது நாள் அதைக் கெடுப்பார்கள். அந்த இருபது நாளுக்குத்தான் இந்தக் கையேடு.

எந்த விமானம் என்பதில் திருமலைக்காரருக்குக் குழப்பம் வரக்கூடாது. ஐரோப்பாக்காரர் எல்லாரும் ஸ்பிட்ஃபயர் செய்யட்டும். நமக்குச் சீனக்குடா இருக்கிறது. 1942 ஏப்ரல் 9 காலை, ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழும்பி வந்த விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடாத் தளத்தையும் தாக்கியபோது எதிர்த்துப் பறந்தவை பிரித்தானிய வான்படையின் 261ஆம் அணியின் ஹரிகேன்கள். ஹரிகேன் பிடிக்காதவர்கள் கோர்செயார் செய்யலாம். 1944 ஏப்ரல் 19 அன்று சுமத்திராவின் வடமுனையை அடுத்த சபாங்கைத் தாக்கிய கடற்படையணி திருமலையிலிருந்துதான் புறப்பட்டது. அதில் 'இல்லஸ்ட்ரியஸ்' கப்பலின் கோர்செயார்களும் இருந்தன. கப்பலின் உட்கூடம் பதிவு என்பதால் பிரித்தானியர் அவற்றின் இறக்கை நுனிகளில் எட்டு எட்டு அங்குலம் வெட்டிவிட்டார்கள். நீங்களும் வெட்ட வேண்டும். வெட்டும்போது கை நடுங்கினால், அதையும் போர்ச் சேதம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

இனி கணக்கு. பலர் வழுக்கி விழும் இடம் இதுதான். 1/72 அளவில் ஹரிகேனின் இறக்கை நுனிக்கு நுனி ஏறத்தாழ 17 சென்ரிமீற்றர், ஒரு சாணுக்கும் குறைவு. அந்த விமானத்தில் நீங்கள் ஒரு மில்லிமீற்றர் அகலத்துக்குப் பெயின்ற்றை உரித்தால், உண்மை விமானத்தில் 72 மில்லிமீற்றர் உரித்ததாகும். அதாவது தேத்தண்ணிக் கோப்பையின் வாய் அளவு. இறக்கை முழுவதும் அப்படி முப்பது உரிவு போட்டால் அது போர்விமானம் இல்லை, நாயர் கடைப் பரிமாறுமேசை. ஆகவே முதல் விதி: நீங்கள் போட நினைக்கும் உரிவில் கால்வாசி போடுங்கள். பிறகு அதில் பாதியை மூடுங்கள்.

இந்த விதியை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. பக்கத்து வீட்டு மச்சான் சொல்லித் தந்தார். அவர் கடற்றொழிலாளி, மரத்தோணி வைத்திருக்கிறார். என் முதலாவது ஹரிகேனை மேசையில் காயவைத்திருந்த அன்று வந்தவர், அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு,

"என்ன மச்சான் இது, கரப்பான் அரிச்ச மாதிரி?" என்றார்.

"பாவிச்சுப் பாவிச்சுப் பழசான விமானம் எண்டு காட்டுறதுக்கு."

"நான் வருசத்துக்கு ரெண்டுதரம் தோணிக்குப் பெயின்ற் அடிக்கிறன், இந்தக் கோலம் வரக்கூடாதெண்டு. நீ இந்தக் கோலம் வரவேணுமெண்டு காசு குடுத்துப் பெயின்ற் வாங்கிறாய். சரி, அது உன்ர விருப்பம்." விமானத்தின் முதுகைச் சுட்டு விரலால் தொட்டார். "இந்த இடத்தில ஆர் மிதிக்கிறது?"

"ஒருத்தரும் மிதிக்கிறேல்ல."

"பிறகேன் உரிஞ்சிருக்கு?"

பதினெட்டு வருடத்தில் இதைவிடப் பெரிய பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. அடுத்த நாள் அவருடைய தோணியைப் போய்ப் பார்த்தேன். வலையை இழுத்தேற்றும் பக்கத்து விளிம்பில் பெயின்ற்றே இல்லை, மரம் எண்ணெய் வைத்ததுபோல வழுவழுவென்றிருந்தது. மறுபக்க விளிம்பு முழுசாக இருந்தது. அவர் எப்போதும் இருக்கும் பலகையில் இரண்டு தொடைகளின் அளவுக்குத் தேய்வு. அணியத்தில் நங்கூரக் கயிறு அரைத்த பள்ளம் ஒன்று. மற்ற இடமெல்லாம் வெயிலில் வெளுத்திருந்தது, ஆனால் உரியவில்லை. வெளுப்பது ஒன்று, உரிவது இன்னொன்று. வெளுப்பு வானத்திலிருந்து வரும், எல்லா இடத்துக்கும் வரும். உரிவு கைகால்களிலிருந்து வரும், போய்வரும் இடத்துக்கு மட்டும் வரும்.

கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கும்வரை ஓடிய பாதைப் படகு நினைவிருக்கிறவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாகனம் ஏறும் தட்டில் ரயர் போகும் இரண்டு கோடு, ஆட்கள் சாய்ந்து நிற்கும் கம்பியில் முழங்கை உயரத்தில் ஒரு மினுக்கம். அதேபோல ஹரிகேனில் விமானி ஏறுவது இடப்பக்கத்தால். இறக்கை உடலோடு சேரும் இடத்தில் அவருடைய சப்பாத்துப் படும். அதற்குப் பக்கத்தில் பொறியின் மூடுதகடுகளைத் திறந்து பூட்டும் தொழிலாளிகளின் திருப்புளி படும். திருகாணித் தலைகள் மினுங்கும். இறக்கையில் பெற்றோல் ஊற்றும் வாயைச் சுற்றி அது வழிந்து நிறம் மாறும். துப்பாக்கிகளுக்குத் தோட்டாப் பட்டி மாற்றுகிறவர்கள் இறக்கையில் முழங்கால் ஊன்றுவார்கள். இரண்டாம் மாதிரியின் 'பி' வகையில் பன்னிரண்டு துப்பாக்கி உண்டு. பன்னிரண்டுக்கும் ஆள் ஏற வேண்டும். உரிவு இவ்வளவுதான். வேறெங்கும் தூரிகையை வைக்க முன் மச்சானின் கேள்வியைக் கேளுங்கள்.

அடுத்தது, உரித்தால் உள்ளே என்ன தெரியும் என்பது. அனுபவசாலிகளும் அவமானப்படும் இடம் இது. விமானம் என்றால் அலுமினியம், உரித்தால் வெள்ளி என்று நினைத்து ஹரிகேனின் பின்னுடல் முழுதும் வெள்ளிப் புள்ளி வைத்துவிடுவார்கள். ஹரிகேனின் பின்னுடல் உலோகத் தகடே இல்லை. உள்ளே குழாய்ச் சட்டகமும் மர வளைவுகளும், மேலே இழுத்துப் போர்த்த துணி. துணிக்கு மேல் செம்மண் நிறத்தில் ஒரு பூச்சு, அதற்கு மேல் உருமறைப்பு நிறம். துணியை எவ்வளவு தேய்த்தாலும் வெள்ளி வராது. செம்மண் வரும், அதற்குப் பிறகு கிழிசல் வரும், அதற்குப் பிறகு விமானி வருவார், உங்களை அடிக்க. உலோகம் மூக்குப் பக்கத்திலும் இறக்கையிலும்தான். அதிலும் சுழலிச் சிறகைத் தொடமுன் விசாரியுங்கள். பல ஹரிகேன்களுக்கு மரச் சிறகு. மரம் தேய்ந்தால் வெள்ளி மினுங்குமா? வீட்டுக் கதவைச் சுரண்டிப் பாருங்கள்.

ஜப்பானியப் பக்கம் போகிறவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. ஜப்பானிய விமானம் என்றால் ஓணான் தோல் உரித்ததுபோல இருக்க வேண்டும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. போரின் பிற்பகுதியில், அடிப்பூச்சு இல்லாமல் வெறும் உலோகத்தில் பச்சை அடித்து வெப்பமண்டலத் தீவுகளில் நிறுத்திய தரைப்படை விமானங்களுக்கு அது பொருந்தும். 1942இல் திருமலைக்கு வந்த சீரோக்கள் கப்பலில் வைத்துத் துடைத்துப் பராமரித்தவை, பளபளப்பான சாம்பல்பூச்சோடு வந்தவை. அவற்றில் செதில் செதிலாக உரித்து வைப்பது, கலியாண வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைக்குக் கிழிந்த சேட் போடுவது மாதிரி.

கறள் பற்றி ஒரு சொல். அலுமினியத்துக்குக் கறள் பிடிக்காது. உப்புப் பட்டால் வெள்ளையாகப் பொடி பூக்கும். குசினியில் பழைய அலுமினியப் பானையின் அடியைப் பார்த்தால் தெரியும். செம்மஞ்சள் கோடு வழிய விட்ட விமானம் எனக்கு வருடத்தில் நாலு தடவையாவது கண்ணில் படுகிறது. கறளில் ஆசை இருந்தால் கப்பல் செய்யுங்கள். அதே ஏப்ரல் 9இல் குண்டுபட்டு எரிந்த 'சகாயிங்' என்ற கப்பலைப் பிறகு துறைமுகத்துக்குள்ளேயே அமிழ்த்தினார்கள். 2018இல் கடற்படைச் சுழியோடிகள் அதை மிதக்க வைத்தார்கள். அதன் கறளை இரண்டு வாரத்தில் தூரிகையால் செய்துவிடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். சீனக்குடாவின் 99 எண்ணெய்த் தாங்கிகளும் கறளுக்கு ஒரு பல்கலைக்கழகம்தான். ஆனால் குறிப்பெடுக்கப் போய் வேலியோரம் நின்று படம் பிடிக்காதீர்கள். "விளையாட்டு விமானத்துக்குத் துரு நிறம் பார்க்கிறேன்" என்ற விளக்கத்தை எந்தக் காவலாளியும் எந்த மொழியிலும் ஏற்கப் போவதில்லை.

இனிக் கைவேலை. உலகம் முழுவதும் மூன்று முறை உண்டு, மூன்றையும் திருமலைப்படுத்தித் தருகிறேன்.

முதலாவது உப்பு முறை. வெள்ளி நிறம் அடித்துக் காயவிட்டு, உரிய வேண்டிய இடத்தை ஈரமாக்கி உப்பைத் தூவுங்கள். காய்ந்ததும் மேல்நிறம் அடியுங்கள். பிறகு உப்பைத் தட்டிவிட்டால் அதன் கீழிருந்த வெள்ளி தெரியும். உப்பு நமக்கு நிலாவெளியில் கிடைக்கும், ஆனால் உப்பளத்துக் கல்லுப்பை அப்படியே போட்டுவிடாதீர்கள். மூன்று மில்லிமீற்றர்க் கல் ஒன்று உண்மை விமானத்தில் இருபது சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட ஓட்டை. அம்மியில் அரைத்து, சீலையில் அரித்துப் பாவியுங்கள். அம்மி யாருடையது என்பதை முன்கூட்டியே தீர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ஹெயார் ஸ்ப்ரே முறை, எனக்குப் பிடித்தது. வெள்ளிக்கு மேல் ஹெயார் ஸ்ப்ரே, அதற்கு மேல் நீரில் கரையும் அக்ரிலிக் நிறம். நிறம் காய்ந்து இறுகுமுன் ஈரத் தூரிகையால் தட்டித் தட்டித் தேய்த்தால் ஸ்ப்ரே இளகி, நிறம் சின்னச் செதிலாகக் கழரும். தூரிகைக்குப் பதில் தென்னோலை ஈர்க்கு, தும்பு இரண்டும் அருமை. ஈர்க்கு கீறலுக்கு, தும்பு அரிப்புக்கு. கஷ்டம் ஒன்றுதான். பிரதான வீதியில் அழகுசாதனக் கடையில் நான் ஹெயார் ஸ்ப்ரே கேட்டபோது கடைத் தம்பி போத்தலைப் பார்த்தான், என் தலையைப் பார்த்தான், மறுபடி போத்தலைப் பார்த்தான். "அங்கிள், இது முளைக்கப் பண்ணாது" என்றான். நல்ல பிள்ளை. விற்க முன் உண்மையைச் சொல்கிற வியாபாரி இந்தக் காலத்தில் அபூர்வம்.

மூன்றாவது ஸ்பொஞ் முறை. சட்டி கழுவும் ஸ்பொஞ்சைக் கிள்ளி, நிறத்தில் தொட்டு, முக்கால்வாசியைக் கடதாசியில் ஒற்றியெடுத்துவிட்டு, விளிம்புகளில் மெல்லத் தொடுங்கள். இதில் திறமை வேண்டியதில்லை, நிறுத்தத் தெரிய வேண்டும். நிறுத்தத் தெரிந்தவர் இன்னும் பிறக்கவில்லை.

புகைக்கறைக்கு நிறச் சோக்கை அரைத்துத் தூவலாம். விறகடுப்புக் கரியும் நல்லது. ஆனால் காற்று வரும் வழியில் வைத்துச் செய்யாதீர்கள். கச்சான் ஊதும் ஆடி மாதத்தில் ஒருமுறை நான் தூவிய கரி ஹரிகேனில் கொஞ்சமும் கொடியில் காய்ந்த வெள்ளைச் சேலையில் மிச்சமுமாகப் போய் ஒட்டியது. அந்தச் சேலையில் விழுந்த புகைக்கோடு, சொன்னால் நம்பமாட்டீர்கள், விமானத்தில் விழுந்ததைவிட இயல்பாக இருந்தது. அதை நான் வீட்டில் சொல்லவில்லை.

தெளிப்பான் வைத்திருப்பவர்களுக்கு மின்சாரம் தேவை. 2022இல் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது நான் லொறி ரியூப்பில் காற்று நிரப்பி அதிலிருந்து தெளித்தேன். ரயர்க் கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. அந்த நாட்களில் ஆட்கள் இதைவிட விசித்திரமான காரியங்களோடு வரிசையில் நின்றார்கள்.

தெளிக்கும் நாளையும் பார்க்க வேண்டும், பஞ்சாங்கத்தில் இல்லை, வானத்தில். மாரி மாதங்களில், வாடை அடிக்கும்போது, காற்று ஈரத்தில் கனத்திருக்கும். அப்போது வார்னிஷ் அடித்தால் மேலே பாலாடை போல வெள்ளை படரும். ஐரோப்பியக் கையேடுகள் "குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கிக்கொள்ளுங்கள்" என்று எழுதும். நமக்கு அது பொருந்தாது. நாம் தைப்பொங்கல் கழியும்வரை பொறுத்து, மாசி வெயிலில் வேலையைத் தொடங்குவோம். பொறுக்காமல் அடித்த வார்னிஷ் வெள்ளை படர்ந்தால், பனிமூட்டத்தில் பறக்கும் விமானம் என்று பெயர் வையுங்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் கையேடு முழுமையாகாது. உங்கள் விமானத்துக்கு வயது என்ன என்று முடிவுசெய்தீர்களா? 261ஆம் அணி சீனக்குடாவுக்கு வந்தது 1942 மார்ச்சில். தாக்குதல் நடந்தது ஏப்ரல் 9இல். திருமலை வெயிலும் உப்பும் அந்த ஹரிகேன்களில் பட்டது ஏறத்தாழ ஒரு மாதம். ஒரு மாதத்தில் என் கேற்கூடப் பொருக்கு வெடிக்காது. நிறம் வெளுக்க, விளிம்பு தேய, எண்ணெய்க்கறை ஊற, சப்பாத்துப் பட்ட இடம் மினுங்க, விமானம் உயிரோடு இருக்க வேண்டும். அன்று காலை எட்டு ஹரிகேன்கள் விழுந்தன. எனக்கு இது பிடிபட வெகுகாலம் எடுத்தது: நாங்கள் ஆசை ஆசையாகச் செய்யும் அந்தப் பழசு, தப்பிப் பிழைத்த விமானத்துக்கு மட்டும் கிடைப்பது. நிலாவெளி வீதியில் உப்புவெளியில் இருக்கும் யுத்த மயானத்துக்கு ஒருமுறை போனேன். கற்கள் வரிசையாக, துடைத்துக் கழுவி, புல் மட்டமாக வெட்டி இருந்தன. திருமலையில் உப்புக்காற்றைத் தோற்கடித்து வைத்திருக்கும் இடம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அன்றிலிருந்து என் ஏப்ரல் 9 ஹரிகேனுக்கு நான் உரிவு வைப்பதில்லை. இடப்பக்கத்து இறக்கை அடியில் சப்பாத்துச் சேறு கொஞ்சம், பொறிக்குப் பின்னால் புகை கொஞ்சம், அவ்வளவே. போட்டிக்கு வைத்தால் "வேலை முடியவில்லை" என்று புள்ளி வெட்டுவார்கள். வெட்டட்டும்.

உரித்தே தீருவேன் என்கிறவர்களுக்கு 1944, 1945 கால விமானங்கள் இருக்கின்றன. மாதக்கணக்கில் வெயில் குடித்தவை. அவற்றுக்கு வட்ட இலச்சினையின் நடுவிலுள்ள சிவப்புப் பொட்டை மறந்தும் வைக்காதீர்கள். ஜப்பானியரின் சிவப்புச் சூரியனோடு குழம்பும் என்று இந்தப் பிராந்தியத்தில் அதை நீக்கிவிட்டார்கள். 1942 ஹரிகேனுக்குப் பொட்டு உண்டு, 1944 கோர்செயாருக்கு இல்லை. இதை மாற்றி வைத்தால் நீங்கள் செய்த உரிவை யாரும் பார்க்கமாட்டார்கள், பொட்டைத்தான் பார்ப்பார்கள்.

பழசானது உண்மையில் எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்த்துப் பழக விரும்புகிறவர்களுக்கு என் வீட்டு கேற் திறந்தே இருக்கிறது. அதற்குப் பெயின்ற் அடிக்கச் சொல்லி எட்டு மாதமாக வீட்டில் வழக்கு நடக்கிறது. ஆய்வுக்குத் தேவை என்று தவணை வாங்கி வருகிறேன். பிடி இருக்கும் இடத்தில் கைத்தேய்வு, கீழ்ச் சட்டத்தில் சைக்கிள் ரயர் இடித்த உரிவு, பிணைச்சலுக்குக் கீழே கறள் வழிந்த கோடு, எல்லாம் அந்தந்த இடத்தில் இருக்கின்றன. வருகிறவர்கள் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வாருங்கள், வெயில் சரிந்து பக்கவாட்டில் விழுந்தால்தான் பொருக்கு எடுப்பாகத் தெரியும். வருடப்பிறப்புக்கு முன் வாருங்கள். அதற்கு மேல் தவணை கிடைக்காது.